சிவப்பு மண்டலம் மண்ணிலிருந்தே தொடங்குகிறது: டெல்டாவில் ட்ரோன் ஓட்டுகிறவர்களுக்கு

ஒரத்தநாடு பக்கம் மகளிர் குழுவுக்காக மருந்தடிக்கும் ட்ரோன் ஓட்டுகிறேன். என்னைப் போல வயலில் ஓட்டுகிறவர்களும் சரி, கல்யாண மண்டபத்தில் கேமரா ட்ரோன் தூக்குகிற தம்பிகளும் சரி, தடை செய்யப்பட்ட வான்வெளி என்றதும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். அது உயரே பறக்கிறவர்களுக்கான சமாச்சாரம், நாம் பயிருக்கு மேலே இரண்டு மூன்று மீட்டரில் போகிறோம், தென்னை மரத்தைக்கூடத் தாண்டவில்லை, நமக்கு என்ன என்று. இந்தக் கணக்குதான் ஆளை மாட்டிவிடும். சிவப்பு மண்டலம், அதாவது வரைபடத்தில் சிவப்பாகக் காட்டும் தடை செய்யப்பட்ட வான்வெளி, மேலே எங்கோ ஆரம்பிப்பதில்லை, மண்ணிலிருந்தே தொடங்குகிறது. வரப்பில் வைத்து விசிறியைச் சுற்றவிட்டு ஒரு முழம் எழுப்பினாலும் நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள்.

அதனால் தெரியாமல் உள்ளே போகாமல் இருப்பதற்கான வேலை பறக்கும்போது நடப்பதில்லை. முக்கால்வாசி முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்தே முடிந்துவிட வேண்டும்.

முதலில் விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ட்ரோன் விதிகள் 2021 ஆகஸ்ட் 25 அன்று வந்தன. செப்டம்பர் 24 அன்று ட்ரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் நாடு முழுவதற்குமான வான்வெளி வரைபடம் வெளியானது. பச்சை என்றால் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையிலான பட்டையில் அதே பச்சை 200 அடியோடு, அதாவது 60 மீட்டரோடு நின்றுவிடும். அதற்கு மேலே மஞ்சள். மஞ்சளுக்கு அந்த நிலையத்தின் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி வேண்டும். சிவப்புக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். எழும்புவதற்கு முன்னால் டிஜிட்டல் ஸ்கையில் அந்த இடத்துக்குத் தடை ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பது ஓட்டுநரின் கட்டாயக் கடமை என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே ‘தெரியாது’ என்ற பதில் எடுபடாது.

இன்னொன்று. 250 கிராமுக்குள் இருக்கும் குட்டி ட்ரோனுக்கு எந்த விதியும் இல்லை என்று கடைக்காரர் சொன்னார் என்பார்கள். ஓட்டுநர் சான்றிதழ் வேண்டாம், காப்பீடு வேண்டாம் என்பது போன்ற சலுகைகள்தான் அதற்கு உண்டு. மண்டலம் எல்லாருக்கும் ஒன்றுதான். 2 கிலோவுக்குள் இருக்கும் மைக்ரோ ட்ரோனுக்கும் சொந்த உபயோகத்துக்குத்தான் சான்றிதழ் விலக்கு. காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுத்தால் அது தொழில்.

நம் பக்கத்து வானம்

டெல்டா தட்டை நிலம், நெல்லும் வாய்க்காலும்தானே என்று நினைக்கக்கூடாது. தஞ்சாவூருக்குத் தெற்கே புதுக்கோட்டைச் சாலையில் விமானப்படைத் தளம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் அது. 2013இல் முழு விமானப்படை நிலையமானது. 2020 ஜனவரி 20 முதல் சுகோய் 30 போர்விமானங்களின் 222ஆவது படைப்பிரிவு அங்கே இருக்கிறது. சம்பா வயலில் நிற்கும்போது தலைக்கு மேலே வானம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம் போகுமே, அதுதான். பெரிய கோயிலிலிருந்து அந்தத் தளம் நேர்க்கோட்டில் ஏழெட்டு கிலோமீட்டர்தான். ஆகவே தஞ்சாவூர் நகரத்துக்குள் ட்ரோன் தூக்குவது என்பதே யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். பெரிய கோயிலுக்குத் தொல்லியல் துறையின் அனுமதியும் தனியாக வேண்டும். தாராசுரத்துக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் அதே கதைதான். வானம் பச்சையாக இருந்தாலும் கீழே இருக்கும் இடத்துக்குச் சொந்தக்காரர் வேறு என்பதை மறந்துவிடக்கூடாது.

மேற்கே திருச்சி விமான நிலையம். ஸ்ரீரங்கம் அதிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 10 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. தூரக் கணக்கின்படி அது 200 அடிப் பட்டை. ராஜகோபுரமோ 236 அடி. உச்சிக் கலசத்தைப் படம் பிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு ட்ரோனை அதன் உயரத்துக்கு ஏற்றினாலே உச்சவரம்பைத் தாண்டி மஞ்சளுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். கோபுரத்துக்குப் பக்கத்தில் ட்ரோன் சின்னதாகத்தான் தெரியும், அதனால் உயரம் அதிகமில்லை என்று கண் ஏமாற்றும். ரிமோட் திரையில் இருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள்.

கிழக்கே போனால் காரைக்கால். நாகப்பட்டினத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே இருந்தாலும் அது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். தமிழ்நாட்டு போலீஸ் அறிவிப்பைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. திருநள்ளாறு சனிப்பெயர்ச்சி நேரத்தில் அங்கே வேலை பிடித்தவர்கள் காரைக்கால் நிர்வாகத்தின் அறிவிப்பைத் தனியாகத் தேட வேண்டும். கோடியக்கரைக்குப் போனால் வனத்துறை. அது சரணாலயம், பறவை வரும் மாதங்களில் அந்தப் பக்கம் ட்ரோனை எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம் என்பது என் எண்ணம்.

ஊர்ப்பேர் வேண்டாம், வயல் முக்கு வேண்டும்

தெரியாமல் உள்ளே போகிறவர்களில் பெரும்பாலோர் ஊர்ப்பேரைத் தட்டித் தேடிப் பார்த்தவர்கள்தான். வரைபடத்தில் ஊர்ப்பேரைப் போட்டால் அது ஊருக்கு நடுவே, கோயிலோ தபால் நிலையமோ இருக்கும் இடத்தில் குத்தி நிற்கும். வயல் அங்கேயா இருக்கிறது? நம் ஊர்களில் மேலவெளி, கீழவெளி என்று குடியிருப்பை விட்டு இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும். சிலருக்கு நிலம் அடுத்த ஊர் எல்லையிலேயே இருக்கும், பேர் மட்டும் சொந்த ஊர்ப்பேர்.

போன சம்பாவில் ஒரு பெரியவர் கூப்பிட்டார். சூரக்கோட்டை பக்கம்.

“ஏம்மா, மேலவெளியில 6 மா, ரெண்டு ஏக்கர் கிடக்கு, சுருட்டுப்புழு விழுந்துருச்சு. காலையில வந்து அடிச்சுக் குடுத்துடு.”

“சரிங்க மாமா. வயலோட ஒரு முக்குல நின்னு வாட்ஸ்அப்ல லொகேஷன் அனுப்புங்க. அப்புறம் எதிர் முக்குக்குப் போயி இன்னொண்ணு அனுப்புங்க.”

“ரெண்டு எதுக்கு? ஒரே வயல்தானே.”

“அனுப்புங்க மாமா, காரணமாத்தான் கேக்குறேன்.”

முதலில் வந்த லொகேஷன் டீக்கடையிலிருந்து வந்தது. இது வழக்கம். போனில் சிரித்துப் பேசி, வரப்புக்குப் போகச் சொல்லி, மறுபடி வாங்க வேண்டும். லொகேஷன் அனுப்பும்போது ‘இத்தனை மீட்டர் துல்லியம்’ என்று கீழே ஒரு எண் காட்டும். அது பத்துக்குள் இறங்கும்வரை நின்று அனுப்பச் சொல்லுங்கள். மரத்தடியில் நின்றால் இறங்காது, வெட்டவெளிக்கு வர வேண்டும்.

எதிரெதிர் முக்கு ஏன் என்றால், ஒரு வேலி, அதாவது ஆறு ஏக்கருக்கு மேலான நிலம் நீளவாக்கில் கிடந்தால் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் சில நூறு மீட்டர் வித்தியாசம் வந்துவிடும். மண்டலத்தின் கோடு வரப்பைப் பார்த்துப் போட்டதல்ல. ஒரே வயலின் கிழக்கு முக்கு ஒரு நிறத்திலும் மேற்கு முக்கு வேறு நிறத்திலும் இருக்கும் இடங்கள் உண்டு. ஒரு முக்கை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் பாதி வயலுக்கு அடித்த பிறகுதான் மீதிப் பாதியின் நிறம் தெரியவரும்.

லொகேஷனைத் தொட்டால் இரண்டு எண்கள் வரும், அட்சம் ஒன்று, தீர்க்கம் ஒன்று. அவற்றை அப்படியே நகலெடுத்து டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்தப் புள்ளியைத் தேடிப் பெரிதாக்கிப் பாருங்கள். எனக்கு இப்போது எண்ணைப் பார்த்ததுமே பாதி விஷயம் தெரிந்துவிடும். விமானப்படைத் தளம் 10.72, 79.10 என்ற எண்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் முதல் எண் 10.6 அல்லது 10.7 என்றும் இரண்டாவது 79.0 அல்லது 79.1 என்றும் தொடங்கினால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். வரைபடத்தைத் திறந்து இரண்டு முக்கையும் வைத்து, நிறத்தை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்துத் தேதியோடு போனில் வைத்துக்கொள்வேன். காலையில் வண்டி கிளம்பும் முன் அதே இரண்டு புள்ளியை இன்னொரு தடவை பார்ப்பேன். வரைபடம் மாறிக்கொண்டே இருப்பது. போன குறுவையில் பச்சையாக இருந்தது என்பது இந்தத் தாளடிக்குச் சாட்சியாகாது.

வண்டியை எங்கே நிறுத்தப் போகிறோம் என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். வயல் பச்சையில் இருக்கும், ரோடு ஓரம் ஏஸ் வண்டி நிற்கும் இடம் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும். பேட்டரி மாற்ற ட்ரோனை வண்டி வரைக்கும் பறக்கவிட்டுக் கொண்டுவருகிற பழக்கம் பல பேருக்கு உண்டு. தூக்கிக்கொண்டு நடந்தால் என்ன? முதுகு வலிக்கும், வழக்கு வராது.

96 மணி நேரத் தடை

வரைபடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிவப்பு தவிர, திடீரென்று முளைக்கும் சிவப்பும் உண்டு. மாநில அரசோ போலீசோ அவசரம் என்றால் ஒரு பகுதியைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். ஒரு தடவைக்கு 96 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. போலீஸ் கண்காணிப்பாளர் பதவிக்குக் கீழே இருப்பவர் அறிவிக்க முடியாது. பிரதமர், முதல்வர் வருகை, பெரிய திருவிழா என்றால் இது நிச்சயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலை 27 அன்று ஆடித் திருவாதிரைக்குப் பிரதமர் கங்கைகொண்ட சோழபுரம் வந்தது நினைவிருக்கும். அந்த மாதிரி நாட்களில் பக்கத்து மாவட்டத்து வயலுக்கும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் வருகிறவர் ஹெலிகாப்டரில் தாழ்வாக வருவார். வேளாங்கண்ணிக் கொடியேற்றம் ஆகஸ்ட் 29, தேதி மாறாது, அதை இப்போதே நாட்காட்டியில் வட்டம் போடலாம். 2028இல் கும்பகோணத்தில் மகாமகம். அந்தச் சமயம் சுற்றுவட்டாரத்தில் வேலை ஒப்புக்கொள்ளும் முன் பத்துத் தடவை யோசிக்க வேண்டும்.

நான் செய்வது சாதாரண வேலைதான். காலையில் டிஜிட்டல் ஸ்கை, அப்புறம் நாளிதழின் மாவட்டப் பக்கம், அப்புறம் மாவட்ட போலீசின் சமூக ஊடகப் பக்கம். மூன்றுக்கும் சேர்த்து ஒரு டம்ளர் காபி குடிக்கும் நேரம் போதும். சந்தேகம் இருந்தால் உள்ளூர் காவல் நிலையத்துக்குப் போன் செய்து கேட்டுவிடுவேன். கேட்டதற்காக யாரும் கோபித்ததில்லை.

இது படிக்காதவர்களுக்கு வரும் தொல்லை என்று நினைக்க வேண்டாம். நிஜ விமானம் ஓட்டுகிறவர்களே இதில்தான் மாட்டுகிறார்கள். அமெரிக்காவில் அதிபர் போய்த் தங்கும் இடத்தைச் சுற்றி வழக்கமாக 30 கடல் மைல் வட்டத்துக்குத் தற்காலிகத் தடை போடுவார்கள். சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருப்பவர்கள் கிளம்பும் முன் நோட்டாம் என்கிற அறிவிப்பைப் பார்க்காமல் அதற்குள் நுழைந்துவிடுகிறார்கள். 2025 ஜூலையில் நியூஜெர்சியின் பெட்மின்ஸ்டர் மேலே அப்படி நுழைந்த ஒரு சின்ன விமானத்தின் முன்னால் எஃப் 16 போர்விமானம் குறுக்கே பறந்து காட்டித்தான் கவனத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. அவர்களுக்காவது வானொலியில் 121.5 மெகாஹெர்ட்ஸில் கூப்பிட்டுச் சொல்ல முடியும். வரப்பில் நிற்கும் நம்மை யார் கூப்பிடுவது?

இயந்திரம் தானாக உள்ளே போகும் வழிகள்

இடம் சரியாக இருந்தும் ட்ரோன் கோட்டைத் தாண்டுவது உண்டு. அதில் முக்கியமானது, சிக்னல் போனால் தானாகத் திரும்பி வரும் அமைப்பு. அது திரும்புவது நீங்கள் இப்போது நிற்கும் இடத்துக்கு அல்ல, விசிறியைச் சுற்றவிட்டபோது பதிந்த இடத்துக்கு. நாமோ காலையில் ஒரு வயல், அப்புறம் வாய்க்கால் தாண்டி இன்னொரு வயல் என்று நகர்ந்துகொண்டே இருப்போம். ஒவ்வொரு வயலிலும் புதிதாக இருப்பிடம் பதிந்ததா என்று திரையில் பார்த்துவிட்டுத்தான் தொட்டியில் மருந்து ஊற்ற வேண்டும். வயலுக்கும் பதிந்த இடத்துக்கும் நடுவே சிவப்பு முக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால், திரும்பி வருவது நேர்க்கோட்டில் அதன் குறுக்கேதான் வரும். அந்த மாதிரி இடத்தில் ‘திரும்பு’ என்பதை மாற்றி ‘நின்ற இடத்திலேயே இறங்கு’ என்று வைத்துவிடுங்கள். சேற்றில் இறங்கினால் கழுவிக்கொள்ளலாம்.

திரும்பும் உயரமும் அப்படித்தான். கேமராத் தம்பிகள் மரம், செல்போன் கோபுரம் எல்லாவற்றையும் தாண்டட்டும் என்று 100 மீட்டர் வைத்திருப்பார்கள். 60 மீட்டர் பட்டையில் நின்றுகொண்டு 100 மீட்டர் வைத்திருந்தால், சிக்னல் போன அந்த நொடியே அது உங்களைக் கேட்காமல் மஞ்சளுக்குள் ஏறிவிடும். உயரம் எதிலிருந்து அளக்கப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். எழும்பிய இடம்தான் பூஜ்யம். பத்து மீட்டர் உயர மண்டபத்து மொட்டைமாடியிலிருந்து தூக்கினால் திரையில் 55 என்று காட்டும்போது தரையிலிருந்து 65 இருக்கும்.

வெளிநாட்டுக் கேமரா ட்ரோனில் ‘இந்த இடத்தில் பறக்க முடியாது’ என்று தானே தடுக்கும், அதனால் தடுக்கவில்லை என்றால் அனுமதி உண்டு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது அந்த நிறுவனம் போட்ட வேலி, நம் அரசின் வரைபடம் அல்ல. இரண்டும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை.

மருந்து ட்ரோனில் வயல் எல்லையைப் புள்ளி வைத்துக் குறிக்கும்போது, போனில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து விரலால் குறிக்காமல் வரப்பில் நடந்தே குறியுங்கள். படம் சில மீட்டர் நகர்ந்து தெரியலாம். கோட்டுக்குப் பக்கத்து வயல் என்றால் எல்லையை உள்ளே இழுத்து வைத்துவிட்டு, விட்டுப்போன ஓரத்தைக் கைத்தெளிப்பானால் அடிக்கச் சொல்லிவிடலாம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது எழுப்பவே வேண்டாம். பிடிப்பு விட்டால் ட்ரோன் காற்றோடு போகும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், 25 கிலோவுக்குள் இருக்கும் ட்ரோன் எம்மாத்திரம். நம் பக்கம் ஆடியில் மேற்கும் தென்மேற்குமாக அடிக்கும். தளத்துக்கு மேற்கே வேலை என்றால் காற்று உங்கள் ட்ரோனைத் தளத்தை நோக்கித்தான் தள்ளும் என்பதை மனதில் வைத்து, விடியற்காலையிலேயே முடித்துவிடுங்கள்.

இல்லை என்று சொல்வது

சூரக்கோட்டை மாமா வயலுக்கு வருவோம். இரண்டு முக்கையும் வைத்துப் பார்த்தேன், எனக்குச் சரிப்படவில்லை. வரமுடியாது என்று சொன்னேன். அவருக்குக் கோபம். “ரெண்டு ஏக்கர்தானே, அரை மணி நேரம். யாரு பாக்கப் போறா?” என்றார். இந்தக் கேள்விக்கு விதியைப் படித்துக் காட்டினால் சண்டை வளரும். “மாமா, ஒரு லட்ச ரூபாய் வரைக்கும் அபராதம் போடலாம். ட்ரோனையும் புடிச்சுக்கிட்டாங்கன்னா குழுவுல எல்லாருக்கும் பொழைப்பு போச்சு” என்று சொல்லிவிட்டு, விசைத்தெளிப்பான் வைத்திருக்கும் ஆள் ஒருவரின் நம்பரைக் கொடுத்தேன். மறுக்கும்போது மாற்று வழியோடு மறுத்தால் அடுத்த போகத்துக்கு வேறு வயலுக்காவது கூப்பிடுவார்கள். கூப்பிட்டார்.

அனுமதி வாங்கி அடிக்கலாமே என்று கேட்பீர்கள். மஞ்சளுக்கு விண்ணப்பிக்கலாம், நேரம் இருந்தால். ஆனால் புழு விழுந்த வயல் அதற்காகக் காத்திருக்காது. நாளைக் காலை முகூர்த்தம் என்று இன்று ராத்திரி கேட்கிற கல்யாண வீட்டுக்கும் அதே பதில்தான். முன்பணம் வாங்கும்போதே ‘மண்டலம் பார்த்துத்தான் உறுதி’ என்று சொல்லிவிடுங்கள்.

உள்ளே போய்விட்டால்

போய்விட்டது என்று தெரிந்ததும் முதலில் தெளிப்பை நிறுத்துங்கள், முன்னே போவதை நிறுத்துங்கள். திரும்பும் பொத்தானை அமுக்க வேண்டாம், அது உயரம் ஏறித்தான் திரும்பும். கோடு சில மீட்டரில்தான் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் வந்த வழியே தாழ்வாகப் பின்னால் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் அங்கேயே இறக்கிவிடுங்கள். விமானமோ ஹெலிகாப்டரோ வரும் சத்தம் கேட்டால் எந்த யோசனையும் வேண்டாம், கீழே பயிர் இருந்தாலும் சேறு இருந்தாலும் உடனே இறக்குங்கள். ஆள் இருக்கும் விமானத்துக்கு வழி விட்டு விலகுவது எப்போதும் ட்ரோனின் பொறுப்பு.

இறக்கியபின் பேட்டரியைக் கழற்றிவிட்டு நேரம், இடம், எவ்வளவு உயரம், எத்தனை நிமிடம் என்று எழுதிவையுங்கள். பறந்த பதிவை அழிக்காதீர்கள். ‘அழிச்சுடு அக்கா’ என்று யோசனை சொல்லும் ஆட்கள் இருப்பார்கள். இரண்டு மீட்டர் உயரத்தில், வரப்பு ஓரமாக, ஒரு நிமிடம்தான் இருந்தது என்பதை நிரூபிக்க உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பதிவுதான். அழித்துவிட்டால் நீங்கள் சொல்வதும் கதை, அவர்கள் சொல்வதும் கதை. அப்புறம் நீங்களே காவல் நிலையத்துக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். ட்ரோன் விழுந்து விபத்தானால் 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கையில் தெரிவிக்க வேண்டும், அது தனி.

போலீஸ் வயலுக்கே வந்துவிட்டால் வாதம் பண்ண வேண்டாம். ட்ரோனின் பதிவு எண் உடம்பில் தெளிவாகத் தெரிய வேண்டும், சேறு படிந்திருந்தால் துடைத்துவையுங்கள். பதிவுச் சான்று, உங்கள் ஓட்டுநர் சான்றிதழ், மூன்றாம் நபர் காப்பீடு, முந்தின நாள் எடுத்த வரைபட ஸ்கிரீன்ஷாட் நான்கையும் காட்டுங்கள். போனில் மட்டும் வைத்திருக்காமல் ஒரு பிரதி எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வண்டியிலேயே வையுங்கள். வயல் நடுவே சார்ஜ் தீர்ந்து நிற்பது எப்போதும் போன்தான்.